விசிறிப் பட்டை (தானுந்து)

விசிறிப் பட்டை அல்லது துணைக்கருவி ஓட்டுப் பட்டை என்பது தானுந்துப் பொறியின் சுழல் ஆற்றலில் ஒரு சிறு பகுதியைப் பெற்று, பொறியைச் சார்ந்து இயங்கும் துணைக்கருவிகளுக்கு அளிக்கும் வளைய வடிவ இரப்பர்ப் பட்டை ஆகும். மின்னாக்கி, குளிர்நீரைச் சுற்றவிடும் நீரேற்றி, குளிர்பதன அமுக்கி, பவர் ஸ்டீயரிங் எண்ணெய் எக்கி ஆகியன இவ்வாறு இயக்கப்படும் துணைக்கருவிகளுள் முக்கியமானவை. பழைய தானுந்துகளில் கதிர்வீசியின் (ரேடியேட்டர்) பின்னால் சுழலும் விசிறியும் இதே பட்டையால் இயக்கப்பட்டதால் விசிறிப் பட்டை என்னும் பெயர் நிலைத்தது.

விலை மலிவான இப்பகுதி அறுந்தால், பல பொறிகளில் குளிர்நீர் ஓட்டம் நின்று, சில நிமிடங்களில் பொறியே பழுதாகக்கூடும். எனவே தேய்ந்த பட்டையை அறுவதற்கு முன்பே மாற்றுவது பழைய தானுந்துப் பராமரிப்பின் அடிப்படைப் பணிகளுள் ஒன்றாகும். ஆயினும் உரிய காலத்திற்கு முன்பே பட்டை தேய்ந்தால், அது பெரும்பாலும் வேறொரு குறையின் அறிகுறி ஆகும். அக்குறையைக் கண்டறியாமல் பட்டையை மட்டும் மாற்றினால் புதிய பட்டையும் விரைவில் கெடும்.

பெயர்கள்

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இப்பட்டை பொதுவாக ஃபேன் பெல்ட் எனப்படுகிறது. விசிறி மின்னோடியால் இயங்கும் தானுந்துகளிலும் இப்பெயரே வழங்குகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பட்டைகள் உள்ள பொறிகளில் அவை இயக்கும் கருவியைக் கொண்டு ஆல்டர்னேட்டர் பெல்ட், ஏசி பெல்ட், பவர் ஸ்டீயரிங் பெல்ட் எனப் பிரித்து அழைக்கப்படுகின்றன. பட்டை சுற்றிச் செல்லும் சக்கரமான கப்பியைப் புல்லி என்றும், நீரேற்றியை வாட்டர் பம்ப் என்றும், தாங்கியைப் பேரிங் என்றும் கூறுவர்.

விசிறிப் பட்டையும் டைமிங் பெல்ட் எனப்படும் கால ஒழுங்குப் பட்டையும் வெவ்வேறானவை. கால ஒழுங்குப் பட்டை பற்கள் உடையது, மூடிக்குள் மறைந்திருப்பது, பொறியின் அடைப்பிதழ்களை (வால்வு) உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்வது. விசிறிப் பட்டை பற்களற்றது, வெளியே தெரிவது, உராய்வினால் மட்டுமே இயங்குவது. சில பொறிகளில் நீரேற்றியைக் கால ஒழுங்குப் பட்டையே இயக்குகிறது. அத்தகைய பொறிகளில் விசிறிப் பட்டை அறுந்தாலும் குளிர்நீர் ஓட்டம் நிற்பதில்லை. ஒரு தானுந்தின் நீரேற்றி எந்தப் பட்டையால் இயங்குகிறது என்பதை அதன் உரிமையாளர் அறிந்திருப்பது நன்று.

வரலாறு

தொடக்ககாலத் தொழிற்சாலைகளிலும் தானுந்துகளிலும் தோலால் ஆன தட்டையான பட்டைகள் பயன்பட்டன. இவை ஈரத்தில் வழுக்கின. நாளடைவில் நீண்டு தளர்ந்தன. அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த கேட்ஸ் நிறுவனத்தில் ஜான் கேட்ஸ் 1917 ஆம் ஆண்டில் இரப்பரும் நூலும் கொண்ட ஆப்பு வடிவப் பட்டையை உருவாக்கினார். வி பெல்ட் எனப்படும் இவ்வடிவம் தானுந்துகளில் விரைவில் பரவியது.

1930 ஆம் ஆண்டில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நியோப்ரீன் என்னும் செயற்கை இரப்பர் கண்டறியப்பட்டது. எண்ணெயையும் வெப்பத்தையும் இயற்கை இரப்பரைவிட நன்கு தாங்கியதால் இது பின்னாளில் பட்டைகளின் முதன்மைப் பொருளாயிற்று. 1979 ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் தானுந்தில், எல்லாத் துணைக்கருவிகளையும் ஒரே பட்டையால் வளைந்து வளைந்து சுற்றி இயக்கும் பாம்புப் பட்டை முறை பயன்படுத்தப்பட்டது. 2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நியோப்ரீனுக்கு மாற்றாக ஈபிடிஎம் என்னும் செயற்கை இரப்பர் பரவலாயிற்று. இம்மாற்றம் பட்டையின் தேய்வைக் கண்டறியும் முறையையும் மாற்றியது.

தமிழ்நாட்டில் அரிசி ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் பட்டைகளின் பயன்பாடு தானுந்துகளுக்கு முன்பே மக்களுக்குப் பழக்கமானதாகும். மதுரை கோச்சடையில் உள்ள ஃபென்னர் தொழிற்சாலை ஆப்புப் பட்டைகளை உற்பத்தி செய்யும் ஆலைகளுள் நன்கு அறியப்பட்டதாகும்.

வகைகள்

ஆப்புப் பட்டை: குறுக்குவெட்டில் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மாருதி 800 முதலிய தானுந்துகளில் இவ்வகை பயன்பட்டது. தானுந்துகளில் 10 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் ஆகிய மேல் அகலங்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. கப்பியின் காடிக்குள் நன்கு வளைவதற்காகச் சில பட்டைகளின் உட்புறத்தில் பற்கள் போன்ற வெட்டுகள் இருக்கும். இவை வளைவதற்கு உதவும் வெட்டுகளே. கால ஒழுங்குப் பட்டையின் பற்களைப் போன்றவை அல்ல.

வரிப் பட்டை: தட்டையான பட்டையின் ஒரு பக்கத்தில் நெடுக்காகப் பல சிறு ஆப்பு வரிகள் அமைந்தது. மெல்லியதாக இருப்பதால் சிறிய கப்பிகளையும் சுற்றி வளையும். முதுகுப் பக்கத்தாலும் கருவிகளை இயக்கும். தானுந்துகளில் பயன்படும் பிகே வகையில் இரு வரிகளுக்கு இடையேயான தொலைவு 3.56 மில்லிமீட்டர் ஆகும். பட்டையின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 6 பிகே 1230 போன்ற குறியீட்டில் முதல் எண் வரிகளின் எண்ணிக்கையையும், கடைசி எண் மில்லிமீட்டரில் நீளத்தையும் குறிக்கின்றன.

அமைப்பு

எவ்வகைப் பட்டையிலும் மூன்று பகுதிகள் உண்டு. இழுவிசையைத் தாங்குவன பட்டைக்குள் நெடுக ஓடும் நூல்கள் ஆகும். இவை பெரும்பாலும் பாலியெஸ்டரால் ஆனவை. நூல்களைச் சூழ்ந்து, கப்பியைப் பற்றிக்கொள்ளும் பகுதி இரப்பர் ஆகும். முதுகுப் பக்கத்தைத் துணியோ இரப்பரோ மூடியிருக்கும். பட்டையின் வலிமை நூல்களில் உள்ளது. வெளியிலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது இரப்பர் மட்டுமே. எனவே வெளித்தோற்றம் நன்றாக இருக்கும் பட்டையும் உள்ளே நூல் அறுந்ததாக இருக்கலாம்.

இயங்கும் முறை

பொறியின் வணரித்தண்டின் (கிராங்க்) முனையிலுள்ள கப்பி பட்டையை இழுக்கிறது. பட்டை ஏனைய கப்பிகளை உராய்வினால் சுழற்றுகிறது. கப்பியைப் பட்டை எவ்வளவு மிகுதியாகச் சுற்றியுள்ளதோ, அவ்வளவுக்கு அதனால் வழுக்காமல் இழுக்க முடியும். ஆப்பு வடிவம் இந்த உராய்வை மேலும் பெருக்குகிறது. 40 பாகைக் கோணமுடைய காடிக்குள் பட்டை இறுகும்போது, அதே இழுவிசையிலுள்ள தட்டைப் பட்டையைவிட ஏறத்தாழ 2.9 மடங்கு உராய்வு கிடைக்கிறது. பட்டை காடியின் இரு பக்கச் சுவர்களில் பதிய வேண்டுமேயன்றி அடித்தளத்தைத் தொடக்கூடாது. தேய்ந்து மெலிந்த ஆப்புப் பட்டை காடியின் அடியைத் தொட்டவுடன் ஆப்பின் பயனை இழந்து வழுக்கத் தொடங்குகிறது. அடித்தளம் பளபளப்பாக உள்ள கப்பி இதற்குச் சான்றாகும்.

எடுத்துக்காட்டாக, வணரித்தண்டுக் கப்பியின் விட்டம் 140 மில்லிமீட்டர் என்றும், பட்டையின் நீளம் 1 மீட்டர் என்றும் கொள்வோம். பொறி நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழலும்போது பட்டை நொடிக்குச் சுமார் 22 மீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது பட்டை நொடிக்கு 22 முறை முழுச் சுற்று வருகிறது. மூன்று கப்பிகள் இருந்தால் பட்டையின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மணி நேரத்தில் சுமார் 2.4 இலட்சம் முறை வளைந்து நிமிர்கிறது. பட்டை களைப்படைந்து விரிசல் காண்பதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

மழைக்கால இரவுகளில், நின்றுகொண்டிருக்கும் தானுந்தின் பட்டை கீச்சிடுவதற்கும் எளிய விளக்கம் உண்டு. முகப்பு விளக்கு, கண்ணாடித் துடைப்பான், காற்றூதி ஆகியவற்றுக்காக மின்னாக்கி 14 வோல்ட்டில் 30 ஆம்பியர் அளிக்கிறது எனில், வெளிவரும் மின்திறன் 420 வாட் ஆகும். மின்னாக்கியின் பயனுறுதிறனை 55 விழுக்காடு எனக் கொண்டால், பட்டை அதற்குச் சுமார் 760 வாட் அளிக்க வேண்டும். 3000 சுற்றுகளில் இதற்குச் சுமார் 3.5 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுவிசை வேறுபாடு போதும். 800 சுற்றுகளில் பட்டையின் வேகம் நொடிக்கு 6 மீட்டருக்கும் குறைவு. அப்போது அதே திறனை அளிக்கச் சுமார் 13 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுவிசை தேவைப்படுகிறது. தளர்ந்த பட்டை முதலில் இந்நிலையில்தான் வழுக்கும்.

தேய்வின் அறிகுறிகள்

நியோப்ரீன் பட்டைகள் முதுமையடையும்போது இறுகி, குறுக்காக விரிசல் காண்கின்றன. 75 மில்லிமீட்டர் நீளத்திற்குள் ஒரே வரியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விரிசல்கள் இருந்தால் பட்டையை மாற்றவேண்டும் என்பது பட்டறைகளில் வழங்கும் பொது விதியாகும். ஈபிடிஎம் பட்டைகள் இவ்வாறு எளிதில் விரிசல் காண்பதில்லை. அவை வண்டிச் சக்கரத்தின் இரப்பரைப் போன்று சிறிது சிறிதாகத் தேய்கின்றன. வரிகளுக்கு இடையேயான பள்ளங்கள் அகன்று, பட்டை காடிக்குள் ஆழமாக அமர்கிறது. ஆகவே விரிசல் இல்லை என்பதை மட்டும் கொண்டு ஈபிடிஎம் பட்டை நன்றாக உள்ளது என்று முடிவு செய்ய இயலாது. வரிகளின் ஆழத்தைப் புதிய பட்டையுடனோ அதற்கென உள்ள அளவியுடனோ ஒப்பிட வேண்டும்.

ஏனைய அறிகுறிகளும் அவை காட்டும் காரணங்களும் பின்வருமாறு:

* பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தல்: பட்டை தளர்ந்து வழுக்கியுள்ளது.
* ஓரம் மட்டும் பிய்ந்து நூல் வெளிப்படுதல்: கப்பிகள் ஒரே தளத்தில் இல்லை.
* பட்டை உப்பி மென்மையாதல்: எண்ணெய் அல்லது எரிபொருள் கசிந்து பட்டையில் படுகிறது.
* வரிகளில் கற்துகள் பதிந்திருத்தல்: புழுதி மிகுந்த சூழலில் ஓடியுள்ளது, அடிக் காப்புத் தகடு இல்லாமலும் இருக்கலாம்.
* ஓரிடத்தில் மட்டும் இரப்பர் கருகியிருத்தல்: ஏதோ ஒரு கருவி சுழலாமல் இறுகி நின்று, பட்டை அதன்மேல் உரசியுள்ளது.
* பட்டை புரண்டு தலைகீழாதல்: நூல் அறுந்துள்ளது அல்லது கப்பி கோணியுள்ளது.

ஒலியைக் கொண்டும் குறையை அறியலாம். பொறி மெதுவாக ஓடும்போது பட்டையின் வரிப் பக்கத்தில் பாதுகாப்பான தொலைவிலிருந்து சிறிதளவு தூய நீர் தெளிக்கப்படுகிறது. ஒலி சற்று நேரம் அடங்கி மீண்டும் எழுந்தால் கப்பிகள் நேர்க்கோட்டில் இல்லை என்பதும், ஒலி மிகுந்தால் இறுக்கம் போதவில்லை என்பதும் பொதுவாகக் கொள்ளப்படும் முடிவுகள் ஆகும். ஒலியை அடக்குவதற்காகப் பட்டையில் எண்ணெய், மசகு, தூள் போன்றவற்றைப் பூசுவது தவறாகும். அது அறிகுறியை மறைத்துப் பட்டையின் கேட்டை விரைவுபடுத்துகிறது.

பட்டை அறுந்தால் நிகழ்வன

ஓட்டத்தின்போது பட்டை அறுந்தால் பொறி உடனே நின்றுவிடுவதில்லை. இதுவே இப்பழுதை ஆபத்தானதாக்குகிறது. முதலில் அளவிப் பலகையில் மின்கலக் குறியுள்ள சிவப்பு விளக்கு எரியும். அதே பட்டை பவர் ஸ்டீயரிங் எக்கியையும் இயக்கினால் ஸ்டீயரிங் திடீரெனக் கனக்கும். நீரேற்றியும் அதே பட்டையைச் சார்ந்திருந்தால் வெப்ப அளவியின் முள் ஏறத் தொடங்கும். மின்கலம் தனித்து நின்று சிறிது நேரம் பொறிக்கு மின்சாரம் அளிக்கும். 35 ஆம்பியர்-மணி மின்கலம் 15 ஆம்பியர் சுமையைக் கணக்கின்படி இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் தாங்க வேண்டும். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே தாங்கும். ஆனால் குளிர்நீர் ஓட்டமின்றிப் பொறி அவ்வளவு நேரம் தாங்காது.

பொறியின் அலுமினியத் தலைப்பகுதி (சிலிண்டர் ஹெட்) மிகையான வெப்பத்தால் கோணலாம். தலைக்கும் உருளைக்கும் இடையிலுள்ள அடைப்பு (கேஸ்கெட்) எரிந்துபோகலாம். இப்பழுதைச் சரிசெய்யப் பொறியின் மேற்பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும். பழைய தானுந்து ஒன்றின் சந்தை மதிப்போடு ஒப்பிடுகையில் அச்செலவு பெரிதாதலால், ஒரு பட்டை அறுந்ததனாலேயே ஒரு தானுந்து கழிக்கப்படும் நிலையும் ஏற்படக்கூடும்.

எனவே சிவப்பு விளக்கு எரிந்தவுடன் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பொறியை அணைத்துவிட்டுப் பட்டையைப் பார்க்க வேண்டும். வெப்பமான கதிர்வீசியின் மூடியை உடனே திறக்கக்கூடாது. அழுத்தத்திலுள்ள கொதிநீர் பீறிட்டுக் கடுமையான தீப்புண் உண்டாக்கும். அறுந்த பட்டைக்கு மாற்றாகக் கயிறு, துணி போன்றவற்றைக் கட்டி ஓட்டுவதும் ஏற்கத்தக்கதன்று; அவை அவிழ்ந்து விசிறியில் சிக்கக்கூடும்.

மாற்றும் முறை

முறையின் நுணுக்கங்கள் தானுந்துக்குத் தானுந்து மாறுபடும். உற்பத்தியாளரின் கையேடே முதன்மையானது. பொதுவான படிகள் பின்வருமாறு:

1. தானுந்து சமதளத்தில் நிறுத்தப்பட்டு, கைத்தடை இழுக்கப்பட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்கப்படுகிறது. சாவியை எடுத்துவிட்டு, பொறி முழுவதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் செல்ல நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை அமர்த்த வேண்டும்.

2. மின்கலத்தின் எதிர்முனை கழற்றப்படுகிறது. மின்னாக்கியின் தடித்த கம்பியில் சாவி இல்லாத நிலையிலும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதையும் வண்டி உடலையும் ஒருங்கே தொட்டால் தீப்பொறி பறக்கும். மேலும் சில தானுந்துகளில் மின்விசிறி பொறி நின்ற பின்னரும் தானாகவே சுழலத் தொடங்கும்.

3. பட்டை செல்லும் பாதை தாளில் வரையப்படுகிறது அல்லது படம் எடுக்கப்படுகிறது. பாம்புப் பட்டையில் இது மிகவும் தேவையானது. ஒரு கப்பியைத் தவறான பக்கமாகச் சுற்றினால் நீரேற்றி எதிர்த்திசையில் சுழல நேரிடும்.

4. ஆப்புப் பட்டையாயின், மின்னாக்கியின் அச்சு போல்ட்டும் நீள்துளைப் பட்டத்திலுள்ள போல்ட்டும் தளர்த்தப்பட்டு, மின்னாக்கி பொறியை நோக்கித் தள்ளப்படுகிறது. தானியங்கி இறுக்கி (டென்ஷனர்) உள்ள வரிப் பட்டையாயின், இறுக்கியின் கை ஸ்பேனரால் திருப்பிப் பிடிக்கப்படுகிறது. விரலை இறுக்கிக்கும் பட்டைக்கும் இடையில் வைக்கக்கூடாது.

5. பட்டை கழற்றப்படுகிறது. பல பட்டைகள் இருந்தால் வெளிப்புறத்திலுள்ளது முதலில் கழற்றப்படும். பொறியால் இயங்கும் விசிறி உள்ள வண்டிகளில் பட்டையை ஒவ்வொரு இறக்கையாகத் தாண்டி எடுக்க வேண்டும்.

6. பழைய பட்டையும் புதிய பட்டையும் அகலம், நீளம், வரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் ஒப்பிடப்படுகின்றன. பழைய பட்டை நீண்டிருக்கக்கூடுமாதலால், நீளத்திற்கு அச்சிடப்பட்ட எண்ணும் கையேடுமே அளவாகக் கொள்ளப்படும்.

7. பட்டை இல்லாத நிலையில் ஒவ்வொரு கப்பியும் கையால் சுழற்றிப் பார்க்கப்படுகிறது. இப்படியே இப்பணியில் மிகவும் முக்கியமானதாகும். இதன் விவரம் அடுத்த பகுதியில் உள்ளது.

8. புதிய பட்டை கையால் பொருத்தப்படுகிறது. திருப்புளியால் நெம்பிக் கப்பியின் மேல் ஏற்றினால் உள்நூல்கள் அறுந்துவிடும். அக்கேடு வெளியே தெரியாது. வரிப் பட்டையின் எல்லா வரிகளும் கப்பியின் காடிகளில் அமர்ந்துள்ளனவா என்று ஒவ்வொரு கப்பியிலும் பார்க்க வேண்டும்.

9. இறுக்கம் சரிசெய்யப்படுகிறது. அம்பாசடரில் பயன்பட்ட பிஎம்சி வகைப் பொறிகளில், மிக நீண்ட பகுதியின் நடுவே பட்டையை அரை அங்குலம், அதாவது சுமார் 13 மில்லிமீட்டர் அசைக்க முடிவதே சரியான அளவாகும். பிற்காலச் சிறு தானுந்துகளில் 10 கிலோகிராம் விசைக்கு இத்தனை மில்லிமீட்டர் அமுங்க வேண்டும் எனக் கையேடுகள் குறிக்கின்றன. மின்னாக்கியை நெம்பும்போது அதன் மெல்லிய உடலில் அல்லாமல் உறுதியான முன்பகுதியில் நெம்ப வேண்டும்.

10. வணரித்தண்டின் போல்ட்டைக் கொண்டு பொறியை அதன் இயல்பான திசையில் கையால் இரண்டு சுற்றுகள் சுழற்றிப் பட்டை நேராக ஓடுவது உறுதிசெய்யப்படுகிறது. பின்னர் மின்கலம் இணைக்கப்பட்டு, பொறி சில நிமிடங்கள் ஓடவிடப்படுகிறது. பொறியை அணைத்து ஆறவிட்ட பின் இறுக்கம் மீண்டும் பார்க்கப்படுகிறது. கையால் இறுக்கப்படும் புதிய பட்டைகள் தொடக்கத்தில் காடிக்குள் படிந்து சற்றுத் தளர்வதால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுமுறையும் பார்ப்பது வழக்கம்.

இறுக்கம் குறைந்தால் பட்டை வழுக்கும். இறுக்கம் மிகுந்தால் பட்டை கேடுறாமல் இருந்தாலும் நீரேற்றி, மின்னாக்கி ஆகியவற்றின் தாங்கிகள் விரைவில் அழியும். கீச்சொலியை அடக்குவதற்காக மேலும் மேலும் இறுக்குவதால், மலிவான பட்டையைக் காக்கும் முயற்சியில் விலை மிகுந்த கருவி பழுதாகிறது.

காரணத்தைக் கண்டறிதல்

பட்டை கழன்ற நிலையிலேயே ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே ஆராய இயலும். நல்ல தாங்கி ஒலியின்றியும் தடையின்றியும் சுழலும். மணல் அரைபடுவது போன்ற உணர்வோ, பக்கவாட்டில் ஆட்டமோ இருந்தால் அத்தாங்கி மாற்றப்பட வேண்டும். நீரேற்றியின் அடியிலுள்ள சிறு துளையில் குளிர்நீர் கசிந்த கறை இருந்தால் அதன் உள்அடைப்பு தேய்ந்துள்ளது என்பது பொருள். தானியங்கி இறுக்கியின் சுருள்வில் தளர்ந்திருந்தால் புதிய பட்டையும் வழுக்கும். எண்ணெய்க் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்த பின்னரே புதிய பட்டையைப் பொருத்த வேண்டும்.

கப்பிகள் ஒரே தளத்தில் உள்ளனவா என்பதை நேரான உலோக அளவுகோலைக் கப்பிகளின் முகத்தில் வைத்துப் பார்க்கலாம். 100 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 1.7 மில்லிமீட்டர் விலகல் என்பது 1 பாகைக் கோணல் ஆகும்; வரிப் பட்டைகளில் ஒலி எழுப்ப இதுவே போதுமானது. மின்னாக்கியைப் பழுதுபார்த்து மீண்டும் பொருத்தும்போது ஒரு வளையத் தகட்டை (வாஷர்) விட்டுவிட்டாலே இவ்வளவு விலகல் ஏற்படலாம்.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியும் பழைய தானுந்துகளும்

தமிழ்நாட்டின் தானுந்து உற்பத்தி பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே அமைந்தது. ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தானுந்தைச் சென்னையின் தெற்கே உற்பத்தி செய்தது. அதில் ஒரே ஆப்புப் பட்டை விசிறியையும் நீரேற்றியையும் டைனமோவையும் இயக்கியது. 1998 ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் சாண்ட்ரோ தானுந்தை உற்பத்தி செய்யத் தொடங்கியது. மறைமலை நகரில் 1999 ஆம் ஆண்டு ஃபோர்டு ஐகான் வெளிவந்தது. 2010 ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ – நிசான் கூட்டுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

இவற்றுள் பல வகைகளின் உற்பத்தி நின்றுவிட்டது. சாண்ட்ரோவின் முதல் தலைமுறை வரிசை 2014 ஆம் ஆண்டில் முடிவுற்றது. மறைமலை நகர்த் தொழிற்சாலையில் ஃபோர்டு நிறுவனம் தானுந்து உற்பத்தியை 2022 ஆம் ஆண்டில் நிறுத்தியது. எனினும் அங்கு உருவான தானுந்துகள் பல இன்றும் சாலைகளில் ஓடுகின்றன. 1988 ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன் பின்னர் தகுதி ஆய்வுக்கு உட்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். இவ்வாறு வயது முதிர்ந்த வண்டிகளில் பட்டை பலமுறை மாற்றப்பட்டிருக்கும். ஆனால் கப்பிகளும் தாங்கிகளும் பெரும்பாலும் தொடக்கத்தில் பொருத்தப்பட்டவையாகவே இருக்கும். பழைய வண்டியில் புதிய பட்டை விரைவில் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

இப்பகுதியின் சூழலும் பட்டையின் ஆயுளைக் குறைக்கக்கூடியது. 2022 ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வு நடைபெற்ற வடக்குப்பட்டு உள்ளிட்ட ஒரகடத்தை அடுத்த ஊர்களைச் சூழ்ந்து தொழிற்பேட்டைகள் வளர்ந்துள்ளன. சரக்குந்துப் போக்குவரத்தாலும் கட்டுமானப் பணிகளாலும் எழும் புழுதி வரிப் பட்டையின் பள்ளங்களில் படிந்து அரம்போல் தேய்க்கும். கோடை வெப்பத்தில் பொறி அறையின் வெப்பம் மேலும் உயர்ந்து இரப்பரை இறுகச் செய்யும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கிய நீர் தெறித்துப் பட்டையை வழுக்கச் செய்யும். 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களைத் தாக்கிய வெள்ளத்தில் பல தானுந்துகள் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டிகளின் தாங்கிகளுக்குள் சேறு புகுந்தால், பட்டையின் கேடு சில மாதங்கள் கழித்தே வெளிப்படலாம்.

எதிர்காலம்

புதிய தானுந்துகளில் பட்டையின் பணி குறைந்து வருகிறது. பவர் ஸ்டீயரிங் எண்ணெய் எக்கிக்கு மாற்றாக மின்னோடி வந்துவிட்டது. கலப்பின வண்டிகள் சிலவற்றில் குளிர்பதன அமுக்கியும் நீரேற்றியும் மின்சாரத்தால் இயங்குகின்றன. முழு மின் தானுந்துகளில் விசிறிப் பட்டையே இல்லை. 2025 ஆம் ஆண்டு சனவரியில் அறிமுகமான ஹூண்டாய் க்ரெட்டா மின் தானுந்து, சாண்ட்ரோ பிறந்த அதே தொழிற்சாலை வளாகத்திலிருந்து வெளிவருகிறது. எனினும் பெட்ரோலிலும் டீசலிலும் இயங்கும் வண்டிகள் சாலையில் உள்ளவரை விசிறிப் பட்டையின் தேவையும் நீடிக்கும்.

கழிவு

கழற்றப்பட்ட பட்டையில் இரப்பரும் பாலியெஸ்டர் நூலும் பிரிக்கவியலாதபடி ஒட்டியிருப்பதால் அதை மறுசுழற்சி செய்வது கடினம். எரித்தால் நச்சுப் புகை வெளியாகும். குறிப்பாக நியோப்ரீனில் குளோரின் உள்ளதால் ஐதரசன் குளோரைடு வளி உண்டாகும். நல்ல நிலையில் கழற்றப்பட்ட பழைய பட்டையைச் சிலர் அவசர உதவிக்காக வண்டியிலேயே வைத்திருப்பதுண்டு. விரிசல் கண்ட பட்டை அதற்குப் பயன்படாது.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* மின்னாக்கி
* கப்பி
* உராய்வு
* செயற்கை இரப்பர்
* கால ஒழுங்குப் பட்டை